காய்தா மேடமும் சொந்தக்காரச் சுவரும்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெரியாமல் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு மேல் என் கையால் சாயா வாங்கிக் குடித்தவரின் பெயர் எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்னால், "என் பேரைப் போட யார்கிட்ட அனுமதி வாங்கினேள்? எழுதிக் கேட்டேளா?" என்று எந்த மூலையிலிருந்தாவது கடுதாசி வந்துவிடும். போடக்கூடியவர்தான். அதனால் டோல் நாக்கா என்கிற சுங்கச் சாவடியில் எல்லாரும் கூப்பிட்ட பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். காய்தா மேடம். காய்தா என்றால் பம்பாயில் சட்டம். எங்கள் நாக்காவில் சட்டம் என்றால் இவர்.

ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஒல்லி உடம்பு, காட்டன் சேலை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ரப்பர் செருப்பு. மாட்டுங்காவில் ரெண்டு தலைமுறையாக இருக்கிற ஆபீஸ்காரக் குடும்பம். மற்ற பொம்பளைகள் கைப்பையில் சீப்பு இருக்கும், பவுடர் டப்பி இருக்கும். இவர் பையில் ஒரு பசை டப்பா இருக்கும். யார் என்ன சொன்னாலும், "வாயால வேண்டாம், எழுதிக் குடுங்கோ" என்பார். எழுதிக் கொடுத்ததும் பசை டப்பாவைத் திறப்பார். மேனேஜர் கேபினுக்கு வெளியே ஒரு போர்டு உண்டு. அதில் ஒட்டுவார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாசிக்கலாம். வேறு ஒன்றும் செய்ய மாட்டார். அதற்கே நாக்கா முழுக்க நடுங்கியது.

நாக்கா எங்கே என்றால், செம்பூரைத் தாண்டிப் பெரிய ரோட்டில் என்று சொன்னால் போதும். இந்தப் பக்கம் ஐந்து லேன், அந்தப் பக்கம் ஐந்து லேன், நடுநடுவே கண்ணாடிக் கூண்டுகள். கூண்டுக்குள் பாதிப் பேர் தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள். ஆரம்பத்தில் திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்தான். அவன் மச்சானைக் கூட்டி வந்தான். மச்சான் தன் சகலையைக் கூட்டி வந்தான். சகலைக்கு நாலு தம்பி. போதாதா?

என் அண்ணன் மகன் அங்கே சூப்பர்வைசர் ஆனான். எனக்கு மருமகன் முறை. "அத்தே, இத்தன பேரு வாரான், போறான், வாயில வைக்க ஒரு நல்ல சாயா இல்ல. வந்து ஒரு அடுப்பப் போடுங்க" என்று ஷெட்டுக்குக் கீழே ஒரு மூலையைக் காட்டினான். போட்டேன். தாள் கிடையாது, கையெழுத்து கிடையாது. மருமகன் அத்தைக்கு இடம் காட்ட எதற்குக் கையெழுத்து? சாயா நன்றாக இருந்தது. அதை நானே சொல்வேன். என் இஞ்சிச் சாயாவுக்காக லேன் மாறி வருகிற லாரிக்காரர்கள் இருந்தார்கள்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹெட் ஆபீசில் ஏதோ சத்தம். கேமராவில் தெரிகிற வண்டியும் சீட்டு கிழித்த வண்டியும் ஒத்துப்போகவில்லையாம். பேப்பரில் எல்லாம் வந்துவிட்டதாம். உடனே நேர்மைப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, மாலை போட்டு, போட்டோ பிடித்து, ஆள் அனுப்பினார்கள். அந்தப் பிரிவில் மொத்த ஆளே ஒருத்தர்தான். அது இவர்.

முதல் நாள் மேனேஜர் ஜீப் அனுப்பினார். ஜீப் காலியாகத் திரும்பி வந்தது. பின்னாலேயே ரோட்டோரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு மேடம் நடந்து வந்தார். மேனேஜர் பெரிய பூச்செண்டு ஒன்றை நீட்டினார். மேடம் வாங்கினார், மோந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போர்டுக்குப் போய் ஒரு தாளை ஒட்டினார். "இன்று எனக்கு ஒரு பூச்செண்டு தரப்பட்டது. என் வேலைக்கு இது தேவையில்லை. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்." கீழே கையெழுத்து, நேரம்.

நல்ல ரோசாப்பூ. வாடிப் போகுமே என்று நான் எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தேன். பத்து நிமிஷத்தில் மேடம் என் முன்னால் வந்து நின்றார்.

"எடுத்துண்டது நீங்கதானே? எடுத்துண்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்கோ."

"பூவுக்குமா தாயீ?"

"பூவுக்குத்தான் முதல்ல போடணும். பூவுலேர்ந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது."

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். என் பெயரை எழுதி முடிக்க ஒரு பால் பொங்குகிற நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க நின்றார். அவசரப்படுத்தவில்லை, பேனாவைப் பிடுங்கி "கை நாட்டு வைங்கோ" என்றும் சொல்லவில்லை. சரி, கிறுக்குக் கோட்டியாக இருந்தாலும் மரியாதை தெரிந்த கோட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மூணாம் நம்பர் லேன் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் பணம் தானாகக் கழிகிற டேக் ஒட்டின வண்டி அது பாட்டுக்குப் போகும். டேக் இல்லாத வண்டியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். ரெண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூணாம் நாள் ஒரு சர்தார்ஜி லாரி. தலைப்பாகையும் தாடியுமாக ஆள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, கூண்டைப் பார்த்து, "அண்ணாச்சீ!" என்றார். கட்டை மேலே போயிற்று. லாரி நகர்ந்தது.

மேடம் குடையை நீட்டி லாரியை மறித்தார். அவ்வளவு பெரிய லாரி அந்தக் குடைக்கு நின்றது. உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டார்.

"நஹீ மேடம்ஜி" என்று சர்தார்ஜி சிரித்தார். "பஸ் ஏக் மந்தர் ஆத்தா ஹை. போலோ, தோ கேட் குல்தா ஹை."

மந்திரம் சொன்னால் கதவு திறக்கிறது என்கிறார் மனுஷர். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

கூண்டில் இருந்தது என் கொழுந்தன் மகன். மேடம் அவனிடம் போனார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

"யாருன்னு தெரியாது மேடம்."

"பின்னே ஏன் விட்டேள்?"

"அண்ணாச்சின்னு கூப்ட்டுட்டாருல்லா மேடம்? கூப்ட்ட மொறைக்கு ஒரு மரியாதை இல்லையா? அண்ணாச்சின்னவன்ட்ட எப்படிக் காசு கேக்கது?"

அவன் திருட்டுத்தனமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அது புரியவில்லை. எங்கள் சந்தில் அப்படித்தான். முறை சொல்லிக் கூப்பிட்டவனிடம் கையை நீட்டினால், அன்றைக்கே ஊருக்குப் போன் போய்விடும். முதலில் நம் ஆட்கள் மாமா மச்சான் என்று கூப்பிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து குஜராத்திக்காரன் பிடித்துக்கொண்டான். அப்புறம் பீகார்க்காரன். ஒரு மராட்டிக்காரப் பால் வண்டிக்காரன் தினம் காலையில் "சித்தப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். பதில் கேட்கிற வழக்கமில்லை.

மேடம் எழுதிக்கொண்டார். மத்தியானம் போர்டில் தாள் ஏறியது. "அண்ணாச்சி, மாமா, மச்சான், சித்தப்பா மற்றும் இவை போன்ற சொற்களைச் சொன்னாலும் கட்டணம் உண்டு." அதை ஹிந்தியிலும் மராட்டியிலும் எழுதி எல்லாக் கூண்டிலும் ஒட்டினார். வண்டிக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இவர் அடுத்தவருக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. உள்ளே மேடத்தின் தம்பி, தம்பி பெண்சாதி, பிள்ளைகள். புனேயில் ஏதோ கல்யாணமாம். டேக்கில் பணமில்லை. "எங்க அக்கா இங்க பெரிய ஆபீசர்" என்று தம்பி கூண்டில் சொன்னார். கூண்டுக்காரன் மேடத்தைப் பார்த்தான். மேடம் தம்பியைப் பார்த்தார். தம்பி எல்லாரையும் போலக் கட்டிவிட்டுத்தான் போனார். அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் போர்டில் தாள். "இன்று என் தம்பியின் வண்டி வந்தது. கட்டணம் வாங்கப்பட்டது. அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு வருந்துகிறேன்."

அந்தத் தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்கு வரவில்லை என்று பிறகு சொன்னார்.

"அந்தத் தாள ஒட்டாம இருந்திருந்தா என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"அவன் வருவான். கோபம் ஆறணும்" என்றார். சாயாவை ஆற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு ரெண்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது சுவர் கதைக்கு வருகிறேன். ஹெட் ஆபீசிலிருந்து பூர்த்தி செய்ய ஒரு பாரம் வந்தது. இந்த நாக்காவில் வேலை செய்கிற உங்கள் சொந்தக்காரர் யார், என்ன முறை என்று ஒவ்வொருத்தரும் எழுத வேண்டும். முறைக்காரனே முறைக்காரனுக்கு வேலை கொடுப்பதும், முறைக்காரனே அதைச் சரி பார்ப்பதும் கூடாதாம். எல்லாரும் பாரத்தை வாங்கி, 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி ரெண்டு பேர்; அப்பா பேர் ஒன்று, ஊர் ஒன்று, கதவு நம்பர் ஒன்று, ரெண்டு பேருக்கும் சொந்தக்காரர் 'இல்லை'. மேடம் அந்த ரெண்டு பாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு என் அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"இப்படியும் ஒரு ஊரோ! அத்தனை பேரும் அநாதையா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அநாதையா? ஏழாம் நம்பர்ல இருக்கவன் இருக்கான்லா, அவன் நாலாம் நம்பர்காரனுக்கு அக்கா மாப்ள. ஆனா நாலாம் நம்பர்காரன் பெண்சாதி, ஏழாம் நம்பர்காரனுக்குச் சித்தி மக. அப்பம் அவன் இவனுக்கு மச்சானும் ஆச்சு, தங்கச்சி மாப்ளயும் ஆச்சு."

மேடம் ஸ்கேலை எடுத்தார். "மெதுவா சொல்லுங்கோ."

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எங்கள் சந்தில் யாருக்கு யார் என்ன முறை, எந்தக் கல்யாணத்தில் எந்த முறை மாறியது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதை ஒரு ஆபீசர் வாய் பார்த்துக் கேட்கிறார் என்றால் விடுவேனா? ஒரு வாரம் மத்தியானம் மத்தியானம் சொன்னேன். அவர் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். "இங்க ஒருத்தர் ரெண்டு இடத்துல வரார்" என்று தலையில் கை வைப்பார். "வருவாரு. ரெண்டு பெண்சாதில்லா" என்பேன். என்னைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதை சொல்லுகிறவள் தன்னைச் சேர்த்துக்கொள்வாளா?

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், பிரவுன் தாள் பத்துப் பன்னிரெண்டை ஒட்டி, கேபின் சுவர் முழுக்க ஒரே படம். பேர், பேருக்குப் பேர் கோடு, கோட்டுக்கு மேல் முறை. எல்லாரும் வெலவெலத்துப் போய் நின்றார்கள். வேலை போச்சு என்று நினைத்தார்கள். மருமகன் என் காதுப் பக்கம் வந்து, "அத்தே, நல்ல காலம், ஒங்க பேரு மட்டும் இல்ல. தயவுசெஞ்சு வாயத் தொறக்காதீய" என்றான்.

அப்புறம் ஒருத்தன், "என்னல இது? எங்க சின்னவன் பேர மேல போட்டு என் பேரக் கீழ போட்டிருக்கு. நான்லா மூத்தவன்!" என்றான்.

"மூத்தவரா? எழுதிக் குடுங்கோ" என்றார் மேடம். எழுதிக் கொடுத்தான். அதுவரை தம்பியே இல்லை என்று சாதித்தவன்.

அதைப் பார்த்து இன்னொருத்தன், "எங்க பெரியப்பா மகன் அந்தப் பக்கம் ஒம்பதாம் லேன்ல இருக்கான், அவன் பேரு எங்க? அவன விட்டுட்டு எங்கள மட்டும் போட்டா அவன் என்ன நெனைப்பான்?" என்றான். இன்னொருத்தன், "மாமனார் பேரு இல்லாம என் பேரு மட்டும் இருந்தா என் வீட்டுல சோறு கிடைக்காது மேடம்" என்றான். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் எப்படிச் சண்டை வருமோ, அப்படி ஆகிவிட்டது. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட வரிசையில் நின்று பேர் சேர்த்தார்கள். ரெண்டு பேர் ஊருக்குப் போன் போட்டு முறை கேட்டார்கள். மேடம் எழுதி எழுதிக் கை ஓய்ந்து போனார். "ரெண்டு மாசமா கெஞ்சினேன், ஒரு பேர் வரலை" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க மாட்டேன். நாக்காவில் கூட்டுகிற வேலை பார்த்தவள் என் நாத்தனார். அவள் விளக்குமாற்றோடு வந்து படத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பேர் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ மைனி, எல்லார் பேரும் இருக்கு. ஒங்க பேரத்தான் காணோம். சாயாக்காரின்னு வெளிய நிப்பாட்டிட்டாவளோ?"

எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. அந்தச் சுவரில் இருக்கிற அத்தனை பேர் முறையும் என் வாயிலிருந்து வந்தது. எனக்கு அங்கே இடம் இல்லையா? அடுப்பை அணைத்தேன். நேராகப் போனேன்.

"மேடம், எழுதுங்க. சூப்பர்வைசருக்கு நான் அத்தை. அவங்க அப்பா கூடப் பொறந்தவ. அவன் பொறந்த அன்னைக்கு நாக்குல சீனித்தண்ணி சேனை தொட்டு வச்சது இந்தக் கை."

மேடத்துக்குப் பின்னால் மருமகன் ரெண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு நின்றான். பார்த்தேன். ஆனால் நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தாளே.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டீ கவுண்டரை உங்களுக்குக் குடுத்தது யாரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இப்போது நினைத்தால், அப்போதே நான் நிறுத்திவிட மாட்டேனா என்று கேட்டது போல இருக்கிறது.

"அவன்தான். அத்தைக்கு மருமகன் செய்யாம வேற எவன் செய்வான்?"

"எழுதிக் குடுங்கோ" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு தாள் முழுக்க, என் கையால்.

மறுநாள் ரெண்டு தாள் ஒட்டியிருந்தது. சூப்பர்வைசருக்கு மெமோ. டீ கவுண்டர் ரத்து. புதிதாக விண்ணப்பம் போடலாம், யார் வேண்டுமானாலும். மருமகன் என் முன்னால் வந்து நின்றான். "சேனை வச்ச கையாலயே எனக்கு மெமோவும் எழுதிட்டீயளே அத்தே" என்றான். அழுவானா சிரிப்பானா என்று தெரியவில்லை. அவனை ரோட்டுக்கு அந்தப் பக்கத்து லேன்களுக்கு மாற்றினார்கள். சாயா குடிக்கப் பத்து லேன் தாண்டி வருவான். வந்தான், அது வேறு விஷயம்.

கவுண்டர்தான் எனக்குக் கஞ்சி. என் வீட்டுக்காரர் போன பிறகு, மகள் வீட்டில் போய் உட்காராமல் நான் தலை நிமிர்ந்து இருந்தது அந்த மூலையால்தான். விண்ணப்பம் போட்டேன். போட்டது ரெண்டே பேர். நான் ஒன்று. பட்டனை அமுக்கினால் சாயா ஊற்றுகிற மிஷின் கம்பெனி ஒன்று. முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி: மேனேஜர், ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் ஒருத்தர், மேடம். மேனேஜருக்கு மிஷின் மேல் ஆசை. இன்ஜினியர் வந்த அன்றைக்கே என்னிடம் அரைக் கிளாஸ் சாயாவாக மூணு கட்டிங் குடித்தார். அவர் என் பக்கம். மிச்சம் மேடம். "மேடந்தான ஒங்க பக்கத்துலயே ஒக்காந்திருக்காவ! கவலைய விடுங்க மைனி" என்று நாத்தனாரே சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கமிட்டி கூடுகிற அன்று காலையில் போர்டைச் சுற்றி ஒரே கூட்டம். நான் போனதும் விலகி வழி விட்டார்கள். மராட்டியில் ஒரு தாள், இங்கிலீஷில் ஒரு தாள். பக்கத்தில், அதுவரை அந்தக் கமிட்டிக் கடுதாசி எதிலும் இல்லாத வழக்கமாக, தமிழில் ஒரு தாள், பெரிய பெரிய எழுத்தில். என்னைத் தவிர யாருக்காக அது? யாரோ வாசித்துச் சொல்ல வந்தான். "சும்மா இரி, நானே வாசிப்பேன்" என்றேன்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். "இந்த விண்ணப்பதாரரிடம் எனக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு. ஆகவே இவர் விஷயத்தில் முடிவு செய்யும் தகுதி எனக்கு இல்லை. கமிட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." கீழே கையெழுத்து, நேரம், ரப்பர் ஸ்டாம்பு.

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அந்த வார்த்தையை வாயால்கூடச் சொன்னதில்லை. இங்கே ஒரு பொம்பளை அதை எழுதி, ஸ்டாம்பு குத்தி, ரோட்டில் போகிற வண்டிக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அடுத்த நிமிஷம் கணக்கு புரிந்தது. ஒன்றுக்கு ஒன்று. தலைவர் மேனேஜர். அவர் சொன்னதுதான் முடிவு.

அரைமணி நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். அவருக்கும் சங்கடம்தான். "மாவ்ஷி, புரா மத் மானோ" என்றார். பெரியம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று. "மிஷின் கா கோயி ரிஷ்தேதார் நஹீ."

மிஷினுக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதைப் பற்றி யாரும் போர்டில் ஒட்ட முடியாது. அவர் சொன்னதும் நியாயம்தான்.

மேடம் மூணாம் லேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போனேன்.

"இது என்ன நியாயம் தாயீ? பிரியம்னா குடுக்கணும்லா? ஒலகத்துல பிரியம் வச்சவ ஒருத்திக்கு ஒதவி செய்வா. நீங்க பிரியம் வச்சு என் அடுப்ப அணைச்சிட்டீயளே!"

அவர் எழுந்து நின்றார். குடையைத் திறந்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"பிரியம் இல்லேன்னா உள்ள உக்காந்து உங்களுக்கே குடுத்திருப்பேன்" என்றார். "உங்க டீதான் ஒசத்தி. அது எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு சொல்றேனா, பிரியத்துல சொல்றேனான்னு எனக்கே பிரிக்கத் தெரியலை."

"நல்லாப் பிரிச்சீய" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அத்தனை பேரும் முறைக்காரர்கள்; சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

வெகுதூரம் போகவில்லை. நாக்கா எல்லைக்கு மஞ்சள் கோடு ஒன்று உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பங்ச்சர் கடை. கடைக்கார பாய் காயல்பட்டினத்து ஆள். "இங்க போடுங்க லாத்தா, எடம் சும்மாதான் கெடக்கு" என்றார். லாத்தா என்றால் அவர்கள் பக்கத்தில் அக்கா. தாள் எழுதிக் கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், எழுதிக் கொடுத்தார். புத்தி வந்துவிட்டது எனக்கு.

மிஷின் வந்தது. பச்சை லைட்டு, செவப்பு லைட்டு. பட்டனை அமுக்கினால் பால்மாவு வாடையோடு ஒரு வெந்நீர் வரும். முதல் மழையில் லைட்டும் போயிற்று. நாக்கா மொத்தமும் மஞ்சள் கோட்டைத் தாண்டி என்னிடம் வந்தது. லாரிக்காரர்கள் கோட்டைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினார்கள். கவுண்டரில் இருந்ததைவிட ஒரு பால் பாக்கெட் கூடத்தான் உடைத்தேன். மேடத்திடம் மட்டும் பேசவில்லை. அவரும் கோட்டுக்கு நாக்காப் பக்கமே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். பத்து நாள் அப்படியே போயிற்று.

பதினோராம் நாள் கோட்டைத் தாண்டி வந்தார்.

"இந்த இடம் யாரோடது?"

"பாயோடது. தாள் இருக்கு" என்று எடுத்துக் காட்டினேன். முழுக்க வாசித்தார். திருப்பி வாசித்தார்.

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்ல. வேணுமின்னா ஒரு முறை உண்டாக்கிச் சொல்லட்டா?"

"வேண்டாம், வேண்டாம்" என்று பதறிப் போய்விட்டார். அப்புறம் பங்ச்சர் கடை டயர் மேல் உட்கார்ந்து, "ஒரு கட்டிங் குடுங்கோ" என்றார். இங்கே நான் விண்ணப்பதாரர் இல்லை, அவர் கமிட்டி இல்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பேசினது பூராவும் அவர் தம்பி பிள்ளைகளைப் பற்றி.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. சின்ன நாக்காவுக்கே இவ்வளவு பெரிய சுவர் வேண்டியிருந்ததே, ஹெட் ஆபீசுக்கும் ஒன்று போட்டால் என்ன என்று. ரோடு போடுகிற காண்ட்ராக்ட்காரர், அதைச் சரி பார்க்கிற ஆபீசர், அந்த ஆபீசருக்கு மேல் ஆபீசர், யார் யாருக்கு என்ன வேணும் என்று. கேள்விப்பட்டதை வைத்து ரெண்டு மூணு தாளுக்குப் படம் போட்டு, "விட்டுப்போன பெயர்களை எழுதித் தரவும்" என்று அங்கே போர்டில் ஒட்டிவிட்டு வந்தார். எங்களிடம் நடந்த மாதிரியே அங்கேயும் வரிசை நிற்கும் என்று நிஜமாகவே நம்பினார். நான் கூட நம்பினேன்.

மறு வாரம் ஒரு மத்தியானம் வந்தார். டயரில் உட்காரவில்லை.

"மாத்திட்டா" என்றார்.

"யார மாத்திட்டா?"

"என்னைத்தான். நாளையிலேர்ந்து வேற நாக்கா."

"அந்தப் படம்?"

"அன்னிக்கே கிழிச்சுட்டா." சாயாக் கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டார். "உங்க ஆட்களைப் போல இல்லை அவா. ஒருத்தர்கூட வந்து, என் பேர் ஏன் இல்லைன்னு கேக்கலை."

இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"புது நாக்கா எங்க மேடம்?"

"ரொம்ப தூரம். இன்னும் ரோடே போடலை."

"ரோடே இல்லையா? அப்பம் நாக்காவுல யாரு இருப்பா?"

"யாரும் இல்லை. கல்லு, ஜல்லிக்குக் காவலா ஒரு வாட்ச்மேன் இருக்காராம்."

எனக்கு ஆற்றாமையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அந்த வாட்ச்மேனுக்குச் சொந்தக்காரங்க யாரும் உண்டுமா?" என்றேன்.

சும்மா கேலிக்குத்தான் கேட்டேன். மேடம் கிளாசைக் கீழே வைத்தார். பையைத் திறந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் எதையோ குறித்துக்கொண்டார்.

"போன உடனே கேக்கணும்" என்றார்.